எந்த விசுவாசம்?

உதயகிரிக் கோட்டைக்குப் போய்வந்து மூன்று மாதம் ஆகிறது. அங்கே பார்த்த பாட்டி இன்னும் மனதைவிட்டு இறங்கவில்லை.

தக்கலைக்குப் பக்கம் புலியூர்க்குறிச்சியில், ரோட்டை ஒட்டியே கோட்டை. கருங்கல் மதில், உள்ளே வனத்துறைப் பூங்கா, கூரை போன ஒரு சின்னத் தேவாலயம். அதற்குள்தான் டிலனாய் கல்லறை. 1741இல் குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுப் படைக்காரர். பிடித்த திருவிதாங்கூர் ராஜாவுக்கே படை பழக்கி, 'வலிய கப்பித்தான்' ஆனவர். கல்லில் மேலே லத்தீன், கீழே தமிழ். கூட வந்த மாமா சிறு வயதில் செமினரியில் படித்தவர். லத்தீன் எழுத்தை விரலால் தடவித் தடவி வாசித்தார்.

"ஏறக்குறைய 37 வருசம் விசுவாசமா இருந்தாருன்னு போட்டிருக்கு மக்கா."

பக்கத்தில் நின்ற பாட்டி அதைக் கேட்டதும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். "விசுவாசின்னா அப்படில்லா இருக்கணும்."

மாமா சொன்னது ராஜ விசுவாசம். பாட்டி காதில் விழுந்தது வேறு. சிரித்துக்கொண்டே வெளியே வந்தோம். நாகர்கோவில் வருவதற்குள் எனக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது.

மாடுகளும் சொத்தும் போய் மனமுடைந்திருந்த அரண்மனைச் சேவகர் நீலகண்ட பிள்ளைக்கு யோபுவின் கதையைச் சொன்னவர் இதே டிலனாய்தான் என்பார்கள். 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று அவர் தேவசகாயம் ஆனார். 1752இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் திருவிதாங்கூர்ச் சிப்பாய்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 2022இல் புனிதர் பட்டம். டிலனாய் இறந்தது 1777இல், அந்த அரண்மனைச் சேவகத்திலேயே. கல்லில் இருக்கும் 37இல் அந்தக் கொலைக்குப் பிந்தைய 25 வருஷமும் அடக்கம்.

யோபு கதை எனக்குச் சின்ன வயதிலேயே உறுத்தல். முடிவில் ஆடு 7,000 போய் 14,000 ஆகிறது; ஒட்டகம், மாடு எல்லாமே இரட்டிப்பு. பிள்ளைகள் மட்டும் பழையபடி பத்துப் பேர். செத்துப்போன பத்துப் பேர் என்ன கணக்கு என்று மறைக்கல்வி வகுப்பில் கேட்டு முட்டி போட்டிருக்கிறேன். டிலனாயின் மகனும் களக்காட்டுச் சண்டையில் செத்து, அப்பா பக்கத்திலேயே கிடக்கிறான். யோபுவின் கதையை அன்றைக்கு இவருக்கு யார் சொன்னார்கள்?

என் அப்பா நினைவும் சேர்ந்துகொள்கிறது. அவர் வேலை பார்த்த மில்லில் சங்கம் வைத்ததற்காகக் கூட்டாளியை வெளியே அனுப்பினார்கள். அப்பா மறுநாளும் தூக்குவாளியோடு ஷிப்டுக்குப் போனார்; ஓய்வு பெறும்வரை போனார். அந்தச் சம்பளத்தில்தான் நானும் தங்கச்சியும் சாப்பிட்டோம். ஒன்று மட்டும் மாறியது: கூட்டாளி வீட்டு வாசல் வழியாகச் சைக்கிள் விடுவதை நிறுத்திவிட்டார். குளத்தங்கரையைச் சுற்றிப் போவார். மழைக்காலத்தில் வேட்டிக் கரையெல்லாம் சேறு. அம்மா அதைத் துவைகல்லில் போட்டுத் தேய்ப்பாள், ஒரு வார்த்தை கேட்கமாட்டாள்.

டிலனாய்க்குச் சுற்றிப் போக ஒரு குளத்தங்கரை இருந்திருக்காது. கிழக்கே ராஜ்யத்தின் எல்லை வாசலே ஆரல்வாய்மொழிதான். காவலைப் பார்க்கப் போனவர் காற்றாடிமலைப் பக்கம் தலையைத் திருப்பினாரா, குதிரையைத் தட்டிவிட்டாரா? கோழை என்று சொல்ல வாய் வருகிறது. உடனே அப்பாவின் வேட்டிக் கரை கண்ணில் படுகிறது.

அன்றைக்கு லத்தீனிலேயே மயங்கி நின்றுவிட்டோம். கீழே இருந்த தமிழை நாங்கள் யாருமே வாசிக்கவில்லை. அதில் என்ன வார்த்தை வெட்டியிருக்கிறது என்று போய்ப் பார்த்துவிடலாம். பஸ் ஏறினால் அரை மணி நேரம். ஞாயிற்றுக்கிழமைதோறும் கிளம்ப நினைக்கிறேன். இன்னும் போகவில்லை.