இளமைப் பெயர்

மாசி முடியும் சமயம். துணி உலர்த்தக் கொல்லைக்குப் போனபோது கிணற்றடி நிழலில் ஒரு சாம்பல் வரிப்பூனை உட்கார்ந்திருந்தது. சின்ன முகம், அதில் காதுகள் மட்டும் அளவு மீறிப் பெரிதாக நின்றன. அக்காவின் பாவாடையை இடுப்பில் சுருட்டிக் கட்டிக்கொண்ட சிறுமியைப் போல, உடம்பு இன்னும் தன் அளவுக்கு வந்து சேரவில்லை. வயிறு மட்டும் இரு பக்கமும் பிதுங்கியிருந்தது. விரட்டுவதற்குத் துடைப்பத்தோடு வந்த அம்மா, பார்த்ததும் கையைத் தாழ்த்திவிட்டாள்.

"இதுவே குழந்தைடி. இதுக்கு என்னத்துக்கு ஒரு குழந்தை?"

அம்மாவுக்கு வயது 78. ஸ்ரீரங்கத்தில் பிறந்து, ஸ்ரீரங்கத்திலேயே வாழ்க்கைப்பட்டவள். பூனை என்றால் பாலில் வாய் வைக்கும், கிளம்பும் வேளையில் குறுக்கே போகும் என்பதற்கு மேல் அவளுக்கு அதைப் பற்றி அபிப்பிராயம் இருந்ததில்லை. அன்று அவள் கேட்டது மட்டும் பல மாதம் என்னோடு இருந்தது.

காவிரிப் பாலத்தைத் தாண்டி மருத்துவரிடம் கூடையில் எடுத்துப் போனேன். பல்லைப் பார்த்துவிட்டு, ஏழு மாதத்துக்கு மேல் இருக்காது என்றார். ஸ்கேனில் நான்கு குட்டிகள் தெரிந்தன. பூனையின் சினைக்காலம் மொத்தமே சுமார் 63 முதல் 65 நாள். அதில் பாதிக்கு மேல் ஓடிவிட்டிருந்தது. அப்படியானால் ஆறு மாதம் நிறைவதற்கு முன்பே கருவுற்றிருக்கிறது. பெண்பூனை நாலாம் மாதத்திலிருந்தே பருவத்துக்கு வரக்கூடும் என்றார். எலும்பு முற்றாது, உடம்பு வளர்ந்து முடியாது; கருப்பை மட்டும் முந்திக்கொள்ளும். பூனைக்குச் சினைமுட்டை நாள் கணக்குப் பார்த்து வெளிவருவதும் இல்லை. இணை சேரும் அந்தத் தூண்டலிலேயே வெளிவருகிறது. ஒரு கடுவன் ஒரு ராத்திரி மதிலேறி வந்தால் போதும்.

"இப்பவேகூட ஆபரேஷன் பண்ணிடலாம். கர்ப்பத்தோட எடுத்துடலாம். தாய்க்கு அதுதான் நல்லது" என்றார். திரையில் நான்கு இடத்தில் துடித்ததை நான் பார்த்துவிட்டிருந்தேன். முடியவில்லை. அது சரியான முடிவு என்று இன்றும் சொல்லத் துணியமாட்டேன். திரையில் துடித்ததையெல்லாம் எண்ணிய நான், மேசைமேல் நடுங்கிக்கொண்டிருந்ததை எண்ணவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஒரு காகிதத்தைக் கசக்கி அதன் முன்னால் உருட்டிவிட்டேன். எந்தக் குட்டியும் பாய்ந்து பிடிக்கும். அது ஒருமுறை பார்த்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டது. முன்னங்கால்களை மடக்கி வயிற்றை ஒரு பக்கமாகச் சாய்த்து மெல்லப் படுத்தது.

குட்டி என்றே அதைக் கூப்பிட ஆரம்பித்தோம். தொல்காப்பிய மரபியல் உயிர்களின் இளமைப் பெயர்களை வகுக்கும்போது வெருகு என்னும் பூனையினத்துக்குக் குட்டி என்ற பெயரைத் தருகிறது. கீரிக்கும் எலிக்கும் அணிலுக்கும் அதே பெயர்தான். நம் பக்கத்தில் பெண்குழந்தையையும் குட்டி என்றுதான் கொஞ்சுகிறோம். இளமைப் பெயர் என்பது ஒருவர் இன்னும் தாயின் நிழலில் இருக்கிறார் என்பதற்கான அடையாளம். அந்தப் பெயரோடேயே ஒன்று தாயாகப் போகிறது என்றால், அதற்குரிய நிழலை யாரோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

சோறு போடுவது எங்கள் வீட்டில் பெரிய பாடாயிற்று. தயிர்சாதம் வைத்தோம், பசியில் தின்றது, வயிறு போயிற்று. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலின் சர்க்கரை செரிப்பதில்லை. பூனைக்குப் பால் என்று கதைப் புத்தகங்களில் எல்லாம் படித்து வளர்ந்தவர்களுக்கு இதை நம்புவது கஷ்டம். அதைவிடக் கஷ்டமானது டாரின் விஷயம். அந்தச் சத்தைப் பூனையின் உடம்பு தேவையான அளவு தானாகச் செய்துகொள்ளாது. மீன், இறைச்சியிலிருந்துதான் வந்தாக வேண்டும். அது குறைந்தால் கண் கெடும், இதயம் தளரும். இதயநோய்க்கும் அதற்கும் உள்ள தொடர்பை 1987-இல்தான் கண்டுபிடித்தார்கள். சினைப்பூனைக்குக் குறைந்தால் கருவே தங்காமல் போகலாம். மடைப்பள்ளி மாதிரி ஆசாரம் பார்க்கும் வீட்டில் இதை எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தயங்கினேன். சொன்னபோது அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "அதோட சரீரம் அதைத்தான் கேக்கறதுன்னா போடு. பெருமாள்தானே அதுக்கு அப்படிப் பல்லைக் குடுத்திருக்கார். தட்டு மட்டும் கொல்லையில இருக்கட்டும்" என்றாள். சத்திரம் பேருந்து நிலையத்துப் பக்கம் போய், வளரும் குட்டிகளுக்கான தீனியை வாங்கி வந்தேன். சினையாக இருக்கும்போதும் பால் கொடுக்கும்போதும் அதைத்தான் போடச் சொல்கிறார்கள். இவளுக்கு அது இரண்டு வகையிலும் பொருந்திற்று.

பங்குனி உத்திரத்தன்று ஊரே சேர்த்தி சேவைக்குப் போயிருந்த ராத்திரி வலி கண்டது. அட்டைப்பெட்டியில் பாட்டியின் பழைய சுங்கடிப் புடவையை மடித்துப் போட்டு, ஒரு வாரமாகக் காமரா உள்ளில் வைத்திருந்தேன். அதை மதிக்காமல் அரிசி டிரம்முக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டாள். மூச்சு வாங்கினாள், எழுந்து சுற்றினாள், தன் வாலுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள். முதல் குட்டி வருவதற்குள் என் கையெல்லாம் சில்லிட்டுவிட்டது. அது இறந்தே பிறந்தது. நக்கினாள், இன்னும் நக்கினாள், பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் துக்கம் இருந்தது என்று சொன்னால் நானாகச் சேர்ப்பதாகும். ஒன்றும் புரியாத ஒரு சிறு முகம், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

விடிவதற்குள் மூன்று உயிரோடு வந்தன. சமையலறைத் தராசில் நிறுத்தேன். 95 கிராம், 90 கிராம், 62 கிராம். நல்ல குட்டி 100 கிராம் பக்கத்தில் இருக்க வேண்டும். பிறந்த குட்டிக்குக் கண் திறந்திருக்காது. ஒரு வாரம், பத்து நாள் ஆகும். தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. மூத்திரம் போகக்கூடத் தாயின் நாக்கு தொட்டுத் தூண்ட வேண்டும். இவ்வளவையும் யாரும் சொல்லித்தராமல் அவள் செய்தாள். 62 கிராம் குட்டி மூன்றாம் நாள் அடங்கிப்போனது.

மற்ற இரண்டும் அவள் மடியில் பிசைந்து பிசைந்து குடிப்பதைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் தாய்மை, தாய்மை என்றார்கள். எனக்கும் கண் கலங்கியது. ஆனால் அவள் எழுந்து நடந்தபோது முதுகெலும்பு மணிமணியாகத் தெரிந்ததை யாரும் பார்க்கவில்லை. தான் வளர்வதற்கு என்று தின்றது முழுக்கப் பாலாக இறங்கிக்கொண்டிருந்தது. தாய்மை என்ற சொல்லை நாம் இவ்வளவு ஒளியோடு சொல்லிச் சொல்லி, அந்த ஒளியில் அதைச் சுமக்கிற உடம்பு கண்ணுக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

அம்மாவுக்குத் தெரிந்தது. ஒருநாள் மத்தியானம் பூனையைப் பார்த்துக்கொண்டே தன் அம்மாவைப் பற்றிச் சொன்னாள். சாரதா சட்டம் 1929-இல் நிறைவேறி 1930 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்தது. கல்யாணத்துக்குப் பெண்ணுக்கு 14 வயதாக வேண்டும் என்றது சட்டம். அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று நாடெங்கும் அவசர அவசரமாகக் கல்யாணங்கள் நடந்தன. அந்த அவசரத்தில் நடந்தது பாட்டியின் கல்யாணம். அவளுக்கு வயது 11. பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்தவளை எழுப்பிக்கொண்டுபோய் மணையில் உட்கார்த்தினார்களாம். முந்தானையில் புளியங்கொட்டையை முடிந்துகொண்டே உட்கார்ந்தாளாம். 15 வயதில் தலைப்பிரசவம். பெற்றது பத்து, தங்கியது ஆறு. "அப்புறம் பல்லாங்குழியை அவ தொட்டது உனக்கு ஆடக் கத்துக்குடுத்தப்போதான்" என்றாள் அம்மா.

மனுஷியையும் பூனையையும் ஒரே தட்டில் வைக்க நான் வரவில்லை. பாட்டி அத்தனை பிள்ளைகளையும் உயிராக வளர்த்தாள்; அவள் வாழ்க்கையைப் பரிதாபம் என்று சொல்லும் உரிமை எனக்குக் கிடையாது. ஆனால் அவள் பேத்திகளுக்குச் சட்டம் வந்தது, படிப்பு வந்தது, இப்போது வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. பூனைக்கு அந்த வாய் வரப்போவதில்லை. அதன் சார்பில் வேண்டாம் என்று யாராவது சொன்னால்தான் உண்டு.

சொல்லத்தான் பயமாக இருந்தது. எட்டிப் பார்த்த பக்கத்து வீடுகளில் ஆபரேஷன் என்றதும் முகம் சுருங்கிற்று. பாவம் என்றார்கள். இயற்கைக்கு விரோதம் என்றார்கள். எது இயற்கை என்று நான் நிறைய யோசித்தேன். சைப்ரஸ் தீவில் 9,500 ஆண்டுப் பழமையான ஒரு புதைகுழியில் ஒரு மனிதனுக்குப் பக்கத்தில் ஒரு பூனையை வைத்துப் புதைத்திருக்கிறார்கள். 2004-இல் அந்தச் செய்தி வந்தது. அந்தப் பூனைக்கு ஏறத்தாழ எட்டு மாத வயது. எங்கள் குட்டியின் வயது. நாம் தானியம் சேர்த்தோம், எலி வந்தது, எலியைத் தேடிப் பூனை வந்தது. அன்றிலிருந்து அதன் காடு நம்முடைய கொல்லைதான், அதன் இரை நம்முடைய மிச்சம்தான். குளிர்நாட்டில் பகல் சுருங்கும் மாதங்களிலாவது பூனைக்குப் பருவம் ஓயும். நம் ஊர் வெயிலில் வருஷம் முழுக்க வரும். வருஷத்துக்கு இரண்டு ஈற்று, சில சமயம் மூன்று. அப்படியும் தெருவெல்லாம் பூனையாக நிறைந்துவிடவில்லை என்றால், மீதி எங்கே போயின? சாக்கடையில், காரின் அடியில், நாய் வாயில், 62 கிராமில். நாம் இயற்கை என்று பேர் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வது அந்தக் கணக்கைத்தான். கத்தி வைக்க மனம் வராத நாம், அந்தச் சாவுகளை நாம் செய்ததாக நினைப்பதே இல்லை.

ஆறாம் வாரம் மதில்மேல் ஒரு கடுவன் வந்து உட்கார்ந்து அடித்தொண்டையில் கூப்பிட ஆரம்பித்தது. உள்ளேயிருந்து குட்டி பதில் குரல் கொடுத்தாள். பால் கொடுக்கிறாளே, இப்போது பயமில்லை என்று நினைத்திருந்தேன். பூனைக்கு அந்தக் காவலை நம்ப முடியாது. மடியில் இரண்டு தொங்கிக்கொண்டிருக்கும்போதே வயிற்றில் அடுத்தது தங்கிவிடலாம். ஜன்னலுக்கெல்லாம் வலை அடித்தேன். குட்டிகள் முழுதாகத் தின்னப் பழகி, பால் வற்ற எட்டு வாரத்துக்கு மேல் ஆயிற்று. அதுவரை ராத்திரி தூங்கவில்லை.

நாள் குறித்ததும் மருத்துவர் இன்னும் சில சொன்னார். கருப்பையை விட்டுவைத்தால் பிற்காலத்தில் அதில் சீழ் கட்டி உயிருக்கே ஆபத்தாகலாம். பூனையின் மடியில் வரும் கட்டிகள் பெரும்பாலும் புற்றாகவே இருக்கும். முதல் பருவத்துக்கு முன்பே சூலகத்தை எடுத்துவிட்டால் அந்த அபாயம் மிகவும் குறையும். இவளுக்கு அந்த முதல் வேளை தப்பிவிட்டது. இவள் பெற்ற இரண்டுக்கும் தப்பக் கூடாது என்று அங்கேயே தேதி கேட்டு வைத்தேன். ஒன்று ஆண், அதற்கும் சேர்த்துத்தான்.

முந்தின ராத்திரியே தீனி கூடாது. காலையில் தட்டைச் சுற்றிச் சுற்றி வந்து கத்தினாள். கூடையில் வைத்தபோது நாலு காலாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நான் பிரித்து உள்ளே தள்ளினேன். அவளுக்கு அது துரோகம் இல்லாமல் வேறு என்ன?

அம்மா ரேழியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை லோகாசாரியர் வாழ்ந்த ஊர் இது. சரணாகதிக்கு இரண்டு உவமை சொல்வது எங்கள் குழந்தைப் பருவத்துப் பாடம். குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ளும் என்பது வடகலை. பூனைக்குட்டி ஒன்றும் செய்யாது, தாயே கவ்விக்கொண்டு போகும் என்பது தென்கலை. மார்ஜார நியாயம் என்பார்கள். நூறு தடவை கேட்டிருக்கிறேன். இந்த வருஷம்தான் கண்ணால் பார்த்தேன். இடம் மாற்றுவதற்காகக் குட்டி தன் குட்டியைக் கவ்வும்போது, எலியின் கழுத்தை முறிக்கும் அதே பல்லால்தான் கவ்வுகிறாள். தூக்கப்பட்டது காலைச் சுருட்டிக்கொண்டு மரத்தாற்போல் தொங்குகிறது. தன்னைப் பிடித்திருப்பது அருளா, வெறும் பிடியா என்று அதற்குத் தெரிய வழியில்லை. எங்கே போகிறோம் என்பது கவ்வியவளுக்கு மட்டும் தெரிந்த விஷயம். அன்பு என்பது அடுத்தவர் முகம் மலரப் பார்ப்பது என்று நான் நினைத்திருந்தேன். தட்டில் சோறு வைக்கும்போது அந்த முகம் நம்மைப் பார்க்கிறது; அதில் நமக்கும் ஒரு பங்கு சந்தோஷம் கிடைக்கிறது. நமக்குப் பங்கே இல்லாத, நன்றியே வராத, ஒருவேளை வெறுப்பு மட்டுமே வரக்கூடிய ஓர் உபகாரத்தை அன்றைக்குத்தான் கூடையில் சுமந்து போனேன். கைப்பிடி முழங்கையை அறுத்தது. உள்ளே சத்தமே இல்லை.

சாயங்காலம் அழைத்து வந்தேன். விலாப்பக்கம் மழித்த இடத்தில் நாலு தையல். வலிக்குமே, அரை பாரசிட்டமால் கொடேன் என்று ஒருவர் அக்கறையாகச் சொன்னார். மனிதருக்குக் காய்ச்சல் மாத்திரை, பூனைக்கு அது கொல்லும் நஞ்சு. மருத்துவர் கொடுத்த மருந்தைத் தவிர எதையும் தொடவில்லை. பத்து நாள் என் பக்கம் வரவே இல்லை. அம்மாவின் கட்டிலுக்கு அடியில் கிடந்தாள். அம்மாதான் தண்ணீர்க் கிண்ணத்தை அங்கே நகர்த்தி வைத்தாள். கொல்லையில் இருந்த தட்டும் எப்போதோ கூடத்துக்கு வந்துவிட்டிருந்தது.

ஆடி பிறந்து ஒரு வாரம் இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு ஏதோ உருளும் சத்தம் கேட்டு எழுந்தேன். சிவப்புச் சிமெண்ட்டுத் தரையில் கடகடவென்று ஓடி, சுவரில் மோதி நின்றது, ஒரு நொடி அமைதி, மறுபடி ஓடியது. ரசத்துக்குப் புளி கரைத்தபோது ஒதுக்கிய கொட்டை ஒன்று எப்படியோ தரைக்கு வந்திருந்தது. சுவிட்சைத் தேடிக் கையை நீட்டினேன். இருட்டில் கட்டில்மேல் அம்மா ஏற்கெனவே எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"லைட்டைப் போடாதேடி" என்றாள். "விளையாடிண்டிருக்கு."