பெரியவள்

"சரிம்மா" என்று அவள் சொன்னதுதான் என்னைத் தொந்தரவு செய்தது. அழுதிருந்தால், கத்தியிருந்தால், தங்கையின் முதுகில் ஒன்று வைத்திருந்தால்கூட அந்தக் காலையும் மற்றக் காலைகளைப் போலக் கடந்து போயிருக்கும்.

நடந்தது பெரிய விஷயம் இல்லை. பெரியவளுக்குப் பத்து வயது, சின்னவளுக்கு நான்கு. பள்ளிக்காகப் பெரியவள் இரண்டு நாள் உட்கார்ந்து வரைந்திருந்த தாவரத்தின் பாகங்கள் சார்ட்டில் சின்னவள் தண்ணீரைக் கொட்டிவிட்டாள். இலையின் பச்சை கரைந்து வேர் வரைக்கும் இறங்கிவிட்டது. மணி ஏழே முக்கால். வேன் எட்டு பத்துக்கு வந்துவிடும். அடுப்பை விட்டு நகராமலேயே நான் சொன்னேன்: "நீ பெரியவ இல்லையா, விட்டுக் கொடு. பாப்பா தெரியாம செஞ்சுட்டா." அவள் சார்ட்டைச் சுருட்டி மேஜைக்கு அடியில் வைத்தாள். "சரிம்மா" என்றாள். பிறகு சீப்பை எடுத்து வந்து, சார்ட்டைப் பாழாக்கியவளுக்கே தலைவாரி இரட்டைச் சடை போட்டு ரிப்பன் கட்டத் தொடங்கினாள். அது அவள் தினமும் செய்கிற வேலை. எந்த நாளில் இருந்து அவளுடைய வேலையானது என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை. அப்படி ஒரு நாளே இருந்திருக்காது என்றுதான் இப்போது நினைக்கிறேன். ஒருநாள் செய்தாள், மறுநாளும் செய்தாள், அதன் பிறகு அது அவளுடையதாகிவிட்டது.

எங்கள் வீட்டில் மகன் கிடையாது. அதனாலேயே பாகுபாடு எங்கள் வாசற்படி ஏறாது என்று நம்பியிருந்தேன். முட்டை அண்ணனுக்கு, படிப்பு தம்பிக்கு, பாத்திரம் தங்கச்சிக்கு என்று பங்கு பிரித்த வீடுகளைப் பற்றிப் பேசவும் எழுதவும் எனக்குத் தெரியும். இரண்டும் பெண்ணாக இருக்கும் வீட்டில் பிரிப்பதற்கு என்ன இருக்கிறது? ஆனால் செய்பவர் யார், செய்யப்படுபவர் யார் என்ற ஏற்பாடு அப்படியேதான் இருந்தது. ஆள் மட்டும்தான் மாறியிருந்தது.

நம் மொழியில் ஒரு பெண் இரண்டு தடவை பெரியவள் ஆகிறாள். ஒன்று, வயதுக்கு வரும்போது. அதற்கு முன்பே, வீட்டில் அடுத்த குழந்தை பிறந்த அன்று. இரண்டுக்கும் அவளுடைய சம்மதத்தை யாரும் கேட்பதில்லை. முதல் நாள் வரை மடியில் கிடந்த ஆறு வயதுப் பிள்ளையை, மருத்துவமனைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தி, "இனி நீதான் பெரியவ, பாப்பாவை நீதான் பாத்துக்கணும்" என்று சொல்கிறோம். நானும் சொன்னேன். அவளுக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. பெருமையை முன்பணமாகக் கொடுத்துத்தான் அந்த வேலையை அவளிடம் ஒப்படைத்தேன் என்று அப்போது தோன்றவில்லை.

பக்கத்து வீட்டு ஆச்சி என்னைப் பார்க்கும்போதெல்லாம், "நீ குடுத்து வச்சவ. பொண்ணு எவ்வளவு பொறுப்பு!" என்பார். பொறுப்பு என்ற இந்தச் சொல்லைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பொறுப்பான பையன் என்றால் நன்றாகப் படிக்கிறவன், கெட்ட சகவாசம் இல்லாதவன். பொறுப்பான பெண் என்றால் அம்மாவின் வேலை பாதியைச் செய்கிறவள். ஒரே சொல்தான். அவனுக்கு அது அவனைப் பற்றியது, அவளுக்கு மற்றவர்களைப் பற்றியது.

இதையெல்லாம் ஒரு தோழியிடம் சொன்னபோது அவளுக்குக் கோபம் வந்தது. "அதுக்காக வேலையே சொல்லாம வளக்கப் போறியா? ஆம்பளப் பிள்ளைய வளத்துக் கெடுத்த மாதிரி பொண்ணையும் கெடுக்கணுமா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. சாப்பிட்ட தட்டைக் கழுவாத பிள்ளையை வளர்ப்பது பெண்ணியம் ஆகாது. பிள்ளைகள் வீட்டு வேலை செய்யத்தான் வேண்டும். ஆனால் அவளுக்குப் பதில் யோசித்த அந்தச் சில நாட்களில்தான் எனக்கு ஒரு வேறுபாடு புரிந்தது. தட்டைக் கழுவினால் அந்த வேலை முடிந்துவிடும். துணி மடித்தால் முடிந்துவிடும். ஓர் ஆளைப் பார்த்துக்கொள்வது முடியாது. மாலை நாலரைக்கு வேன் இறக்கிவிட்டதில் இருந்து ஆறே முக்காலுக்கு நான் வரும்வரை பிள்ளைகள் இருவரும் ஆச்சி வீட்டில்தான் இருப்பார்கள். ஆனால் சின்னவளைப் பார்த்துக்கொள்வது ஆச்சி இல்லை. சீருடையைக் கழற்றிவிடுவது, பால் ஆற்றிக் கொடுப்பது, கழிவறைக்கு அழைத்துப்போவது, படிக்கட்டுப் பக்கம் போகாமல் பிடித்து வைப்பது எல்லாம் பெரியவள். ஒருநாள் சீக்கிரம் வந்தபோது தெருவில் அவள் ஷட்டில் ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். நாலு அடிக்கு ஒருமுறை தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தாள். சின்னவள் வாசலில் மண் அள்ளி விளையாடிக்கொண்டிருந்தாள். பந்து தவறிக்கொண்டே இருந்தது. கூட ஆடிய பையன் சலித்துப்போய், "ஒழுங்கா ஆடு" என்றான்.

2019-இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. வீட்டுக்குள் ஊதியமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஒரு நாளைக்கு அதில் 299 நிமிடம் செலவிடுகிறார்கள், செய்யும் ஆண்கள் 97 நிமிடம் என்றது அது. மேடைகளில் பலமுறை கேட்ட எண்கள்தான். அதில் யாரும் அதிகம் பேசாத ஒன்று, ஆறு வயதில் இருந்தே கணக்கு எடுத்தார்கள் என்பது. ஆறு வயதில் இருந்தே கணக்கில் வரவேண்டிய நிலை இருக்கிறது. ஆனால் எவ்வளவு கவனமாக எடுத்தாலும், ஷட்டில் ஆடிக்கொண்டே வாசலைப் பார்க்கும் கண்ணை எந்தக் கட்டத்தில் எழுதுவார்கள்? அந்த அரைமணி நேரம் "விளையாட்டு" என்றுதான் பதிவாகும்.

என் கணவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் அவரை விட்டுவிட்டும் எழுத முடியாது. உதிரிபாகக் கடையில் வேலை, இரவு ஒன்பதுக்குத்தான் வருவார். பாத்திரம் கழுவுவார். ஞாயிற்றுக்கிழமை சமைப்பார். ஆனால் சின்னவளின் ரிப்பன் எந்த டப்பாவில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. தெரியாமலேயே நான்கு வருடம் ஓடியிருக்கிறது. நான் வேலைக்குப் போகத் தொடங்கியபோது வீட்டில் ஓர் இடைவெளி விழுந்தது. அதை அவர் நிரப்பவில்லை, அவள் நிரப்பினாள். என் சம்பளத்தையும், பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு புத்தகம் படிக்கக் கிடைக்கும் அந்த நாற்பது நிமிடத்தையும் என் விடுதலை என்று சொல்லிக்கொள்கிறேன். அதில் ஒரு பங்கை வீட்டிலேயே மிகச் சிறிய கைகளில் இருந்து வாங்கியிருக்கிறேன்.

இதைப் பார்க்க எனக்கு இவ்வளவு காலம் ஆனதற்குக் காரணம் இருக்கிறது. நானும் ஒரு சின்னவள்.

எங்கள் ஊர் முக்கூடல் பக்கம். அம்மா பீடி சுற்றினாள். நான் பிறந்தபோது அக்காவுக்கு ஏழு வயது. மடியில் தட்டை வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறவள் கைக்குழந்தையைத் தூக்க முடியாது. ஆகவே நான் அக்காவின் இடுப்பில் வளர்ந்தேன். எட்டாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றது. அவளுக்கும் ஒரு தட்டு வந்தது. அம்மாவின் ஆயிரத்தோடு அவளுடைய ஐந்நூறும் சேர்ந்து பீடிக் கடைக்குப் போனது. அந்தக் காசில் நான் பள்ளிக்கூடம் போனேன், பிறகு திருநெல்வேலியில் கல்லூரி. எங்கள் வீட்டில் இதைத் தியாகம் என்றுகூடச் சொன்னதில்லை. "மூத்தவ அப்படித்தான்" என்பதோடு சரி.

நான்கு ஆண்டுகளுக்கு முன் அப்பா இறந்தார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். இருந்தது ஓட்டு வீடும் அதைச் சுற்றிக் கொஞ்சம் இடமும். 1929-இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1956-இன் இந்து வாரிசுரிமைச் சட்டம் அப்பாவின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்குப் பங்கு கொடுத்தது. 1989-இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம் பூர்வீகச் சொத்திலும் கொடுத்தது, 2005-இல் அது நாடு முழுவதற்கும் ஆனது. இத்தனை பேர் இத்தனை காலம் போராடி வாங்கித் தந்த பாதிப் பங்கை, அக்கா பத்திரப் பதிவு அலுவலகத்தில் பத்து நிமிடத்தில் எனக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தாள். யாரும் வற்புறுத்தவில்லை. பறித்துக்கொள்ள அண்ணனோ தம்பியோ எங்களுக்கு இல்லை. "ரெண்டு பொம்பளப் பிள்ள வச்சிருக்கா, அவளுக்கு இருக்கட்டும்" என்றாள். முழுச் சம்மதத்தோடுதானே என்று அலுவலர் கேட்டார். "ஆமா" என்றாள். அவள் குரலில் அன்றைக்கு நான் கேட்டதும் இந்தச் "சரிம்மா"தான் என்று இப்போது தெரிகிறது. அவளுக்கும் ஒரு மகன் படித்துக்கொண்டிருந்தான். நான் வாங்கிக்கொண்டேன். நன்றி சொல்லி, நல்ல புடவை ஒன்று எடுத்துக் கொடுத்தேன்.

அன்பினால் கொடுத்தது, அதில் என்ன தவறு என்று கேட்கலாம். அன்பு உண்மை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால்தான் சிக்கல். அன்பு இல்லாத இடத்தில் சுரண்டலைக் கண்டுபிடிப்பது சுலபம். இரண்டும் ஒரே கையில் இருக்கும்போது எது எங்கே முடிகிறது என்று யார் சொல்வது? விட்டுக்கொடுத்தல் ஒரு நற்குணம் என்றால், விட்டுக்கொடுக்காமல் இருக்கவும் அவளால் முடிந்திருக்க வேண்டும். முடியாது என்று சொல்லிவிட்டு அதற்குப் பிறகும் நல்ல பெண்ணாகவே இருக்க முடிந்திருக்க வேண்டும். அந்த வழி ஒருநாளும் திறந்திருக்காத வீட்டில், அவள் கொடுத்ததைக் கொடை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சார்ட் நனைந்த அன்று மாலை அக்காவுக்கு போன் செய்தேன். "என்னைத் தூக்கி வளத்தது உனக்குக் கஷ்டமா இருந்துச்சாக்கா?" என்று கேட்டேன். சிரித்தாள். "ஏட்டி, இப்போ என்ன திடீர்னு?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "யாரும் கேக்கலயே. கேட்டிருந்தாலும் சரின்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா கேட்டிருக்கலாம்" என்றாள்.

கேட்டுவிட்டால் போதுமா என்று அதன் பிறகு பல நாள் மனதுக்குள் வாதாடிக்கொண்டிருந்தேன். பத்து வயதுப் பிள்ளையிடம், "பாப்பாவுக்குத் தலை வாரிவிடுறியாடா, இஷ்டமிருந்தா?" என்று கேட்டால், அவள் என் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்வாள். என் முகம் மலர வேண்டும் என்பதுதான் அவளுடைய இஷ்டம். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டால் நான் பழைய ஏமாற்றையே கொஞ்சம் நாகரிகமாகச் செய்கிறேன். ஆகவே கேட்பதை விட்டுவிட்டுச் சில வேலைகளை அவளிடமிருந்து எடுத்தோம். தலைவாருவது கணவருக்கு. மாலையில் சின்னவளைப் பார்த்துக்கொள்ள ஆச்சியின் மருமகளிடம் பேசி மாதம் ஒரு தொகை கொடுக்க ஏற்பாடு செய்தேன். பார்த்துக்கொள்வதற்குக் காசு என்றதும் ஆச்சிக்கு வருத்தம். "புள்ளைய பாக்க யாராவது காசு வாங்குவாங்களா?" என்றார். மருமகள் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டாள்.

நான் எதிர்பார்க்காதது, பெரியவள் கோபித்துக்கொண்டதுதான். "நான் சரியா செய்யலையா?" என்று கேட்டாள். சீப்பைப் பிடுங்கியதும் அவள் கையில் இருந்த ஒரே பட்டத்தையும் பிடுங்கியதுபோல் ஆகிவிட்டது. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். சின்னவளும் அப்பா இழுக்கிற இழுப்பில் அழுது, அக்காதான் வேண்டும் என்றாள். நான்கு வயதில் அவளுக்கும் ஒன்று பழகியிருந்தது: தனக்குச் செய்ய எப்போதும் ஒருத்தி இருப்பாள் என்பது. தன் செருப்பைத் தானே மாட்ட அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அக்கா மாட்டிவிடும் அவசரத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் கணவர் ஊருக்குப் போயிருந்தார். வழக்கம்போல அடுப்படியில் இருந்தபடியே, "பாப்பாவுக்கு இன்னைக்கு மட்டும் சடை போட்டுடு" என்றேன். பெரியவள் கதைப் புத்தகத்தில் இருந்து நிமிராமல், "முடியாதும்மா, நாலு பக்கந்தான் இருக்கு" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இவ்வளவு எழுதி, இவ்வளவு யோசித்து, நானே திறந்துவிட்ட வழியில் அவள் முதல் அடி வைத்தபோது என் வாயில் வந்து நின்றது, "பெரியவ பேசுற பேச்சா இது?" விழுங்கிக்கொண்டேன். முழுவதுமாக விழுங்கினேன் என்று சொல்ல மாட்டேன். கரண்டியைக் கொஞ்சம் சத்தமாகத்தான் வைத்தேன். சின்னவளுக்கு நானே ஒற்றைக் குதிரைவால் போட்டு அனுப்பினேன். வேன் வருவதற்குள் நாலு பக்கமும் முடிந்துவிட்டது என்று பெரியவள் சொன்னாள்.

வீட்டுப் பங்கை அக்கா பெயருக்குத் திரும்ப எழுதித் தருகிறேன் என்று இதுவரை மூன்று முறை சொல்லியிருக்கிறேன். முதல் இரண்டு முறையும் வேண்டாம் என்றாள். அந்த வேண்டாமை மதிப்பதா, பழக்கத்தில் வந்தது என்று ஒதுக்குவதா என்று தெரியாமல் விட்டுவிட்டேன். போன வாரம் மூன்றாவது முறை கேட்டபோது, பத்திரச் செலவு எவ்வளவு ஆகும் என்று கேட்டாள்.