முதல் மணி பாட்டுக்கு!

பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்து வீட்டிலேயே படிக்க வைக்கப் போகிறேன் என்று நீங்கள் சொன்ன நாளை நினைத்துப் பாருங்கள். மாமியார் அழுதிருப்பார். அண்ணன் போனில் கத்தியிருப்பார். மாடிவீட்டுக்காரர் படியில் நிறுத்தி, "டி.சி. வாங்கிட்டீங்களாமே?" என்று கேட்டிருப்பார். அத்தனையையும் தாங்கினீர்கள். ஊரே ஒரு பக்கம் போகும்போது பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு மறுபக்கம் நடந்தீர்கள்.

அப்படிப்பட்ட நீங்கள் ஒரு பென்சிலுக்கும் ஏழு ஸ்வரத்துக்கும் பயப்படுவதா?

சுவரில் ஒட்டியிருக்கும் கால அட்டவணையைப் பாருங்கள். ஒன்பது மணிக்குக் கணக்கு, பத்துக்கு அறிவியல், அப்புறம் தமிழ், ஆங்கிலம். ஓவியமும் பாட்டும் எங்கே? வெள்ளிக்கிழமை சாயங்காலம், அதுவும் "நேரம் இருந்தால்". பரீட்சை வந்துவிட்டால் டிராயிங் பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்வாரே, அந்த வழக்கத்தை வெறுத்துத்தானே வெளியே வந்தீர்கள்? அதையே சுருட்டி எடுத்துவந்து உங்கள் சாப்பாட்டு மேஜையில் விரித்து வைத்திருக்கிறீர்கள். கிழியுங்கள் அந்தத் தாளை. முதல் மணி பாட்டுக்கு என்று எழுதுங்கள். கணக்கு பத்து மணிக்கு வரட்டும். அது எங்கும் ஓடிப்போகாது.

"எனக்கே பாட வராதே, நான் எப்படி?" என்று கேட்பீர்கள். அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். ஆறாம் வகுப்பில் இறைவணக்கப் பாட்டுக்கு முன்வரிசையில் நின்றேன். ஓர் ஆசிரியை அருகில் வந்து, "நீ வாயை மட்டும் அசை" என்றார். அசைத்தேன். முப்பது வருஷம் அசைத்துக்கொண்டே இருந்தேன். கல்யாண வீட்டில் எல்லோரும் நலங்குப் பாட்டுப் பாடும்போது அசைத்தேன். என் மகளைத் தொட்டிலில் போட்டு ஆட்டியபோதுகூட எனக்குச் சத்தம் வரவில்லை. ஒரே ஒரு வாக்கியம், ஒரு பெண்ணின் தொண்டையை முப்பது வருஷம் பிடித்துக்கொண்டிருந்தது.

மகளுக்கு எட்டு வயதானபோது பாட்டு டீச்சர் வாரத்தில் ஒரு நாள் வந்தார். மற்ற ஆறு நாளும் அவளோடு உட்கார ஆள் இல்லை. நான் உட்கார்ந்தேன். கைபேசியில் தம்புரா செயலியைத் திறந்து சுருதியை ஐந்து கட்டையில் வைத்தோம். அவள் சிரமமே இல்லாமல் மேல் ஸட்ஜத்தைத் தொட்டாள். என் குரல் தைவதத்திலேயே உடைந்தது. நாலரைக்கு இறக்கினோம். "அம்மா, உன் ரி மேல போகுது, கீழ வா" என்றாள். மாயாமாளவகௌளை ராகத்தில் ரிஷபம் ஸட்ஜத்தை ஒட்டியே நிற்கும், அதை நான் எங்கோ தூரத்தில் தேடிக்கொண்டிருந்தேன். வந்தேன், கீழே வந்தேன். பதினோராம் நாளோ பன்னிரண்டாம் நாளோ என் குரல் தம்புராவோடு கலந்து காணாமல் போயிற்று. அந்தக் காலை என் உடம்பில் ஓடிய சிலிர்ப்பை இன்றும் என்னால் விவரிக்க முடியவில்லை.

தெரியாத ஒன்றை ஒரு பெரிய மனுஷி தரையில் உட்கார்ந்து, தப்புத் தப்பாக, விடாமல் கற்றுக்கொள்வதை என் மகள் தினமும் பார்த்தாள். இதைவிடப் பெரிய பாடத்தை எந்தப் பாடத்திட்டம் அவளுக்குக் கொடுத்திருக்கும்? உங்கள் தெரியாமையை மூலதனமாகப் போடுங்கள். தெரிந்தவர் சொல்லிக் கொடுக்கலாம், உண்மைதான். ஆனால் தெரியாதவரால்தான் கற்றுக்கொள்வது எப்படி என்று காட்ட முடியும்.

எவ்வளவு நேரம் வேண்டும்? ஒரு நாளைக்கு இருபது நிமிஷம். வாரம் ஒரு முறை இரண்டு மணி நேரம் உட்கார்த்தி வைத்துப் பிள்ளையை நோகடிப்பதைவிட, தினமும் இருபது நிமிஷம் உட்காருவது குரலையும் விரலையும் நன்றாகப் பழக்கிவிடும். புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் சரளி வரிசையில் முதல் வரிசையை மட்டும் எடுங்கள். ஏற எட்டு, இறங்க எட்டு, பதினாறு ஸ்வரம். ஆதி தாளத்தில் முதல் காலத்தில் பாடினால் இரண்டு ஆவர்த்தனம். இரண்டாம் காலத்தில் ஒன்று. மூன்றாம் காலத்தில் பாதியிலேயே முடிந்துவிடும், தாளத்தை நிரப்ப இரண்டு தடவை பாட வேண்டும். பிள்ளையின் தொடையில் தட்டும் கை அரை, கால் என்ற பின்னங்களை எழுத்தில் பார்க்கும் முன்பே அறிந்துகொள்கிறது.

இந்த வரிசையைப் பாடும் மாயாமாளவகௌளை, 72 மேளகர்த்தா ராகங்களில் 15ஆவது. ஸட்ஜத்திலிருந்து மத்யமம் வரை எந்த இடைவெளிகளோ, பஞ்சமத்திலிருந்து மேல் ஸட்ஜம் வரை அதே இடைவெளிகள். பாதி ராகத்தைப் பிடித்துவிட்டால் மறுபாதி அதன் அச்சு. இதே சமச்சீரை உங்கள் வாசலில் தினமும் நீங்கள் போடுகிறீர்கள்! ஏழு புள்ளி, நாலு வரை இடைப்புள்ளி. ஒரு பக்கம் சுழித்த இழை மறுபக்கமும் சுழிய வேண்டும், எடுத்த இடத்தில் வந்து சேர வேண்டும். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் உடன் ஆய்வு செய்தவர்களும் 1970களில் இந்தக் கோலங்களை எடுத்து, கணினி அறிவியலின் வடிவ இலக்கணங்களாக ஆராய்ந்து கட்டுரை எழுதினார்கள். அறிஞர்கள் உட்கார்ந்து படித்த விஷயம் உங்கள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாவாக இருக்கிறது. "எனக்கு வரைய வராது" என்று இனிமேல் சொல்லாதீர்கள். உங்கள் அம்மாவையும் பாட்டியையும் சேர்த்து அவமதிக்கும் பேச்சு அது.

இங்கே ஒன்றை உரக்கச் சொல்லிவிடுகிறேன். கணக்கு வரும், மூளை வளரும் என்று சொல்லிப் பாட்டுக்கும் படத்துக்கும் சிபாரிசு தேடாதீர்கள். அரையும் காலும் கூடவே வந்தால் வரட்டும், சந்தோஷம். பாட்டு பாட்டாக இருப்பதே போதும். ஒரு குழந்தை துக்கத்தில் முணுமுணுக்கவும் மகிழ்ச்சியில் கத்திப் பாடவும் ஒரு ராகம் அதன் கையிருப்பில் இருக்க வேண்டும். அது பிள்ளையின் உரிமை.

ஓவியத்துக்கு வண்ணப்பெட்டி வாங்கிக் குவிக்க வேண்டாம். ஒரு 4பி பென்சில், ஒரு கட்டு வெள்ளைத்தாள். திங்கட்கிழமை ஒரு வெண்டைக்காயை மேஜையில் வையுங்கள். செவ்வாயும் அதே வெண்டைக்காய். புதனும் அதுவே, இப்போது கொஞ்சம் வாடியிருக்கும். முதல் நாள் பிள்ளை தான் நினைத்து வைத்திருக்கும் வெண்டைக்காயை வரைவான். மூன்றாம் நாள்தான் எதிரே கிடக்கும் காயின் வரம்புகளும் காம்பின் வளைவும் தோலின் பூனைமுடியும் அவன் கண்ணில் படும். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் வரையுங்கள். அழிப்பான் வேண்டாம். கோணலாக வந்தால் வரட்டும், தேதி போட்டு வையுங்கள்.

உங்களிடம் இருக்கும் இன்னொரு செல்வத்தைக் கவனித்தீர்களா? வேலைநாள் காலை! மற்ற பிள்ளைகள் வகுப்பில் இருக்கும் செவ்வாய்க்கிழமை காலையில் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் செப்புத்திருமேனிக் கூடத்துக்குப் போங்கள். திருவாலங்காட்டு நடராஜர் முன் தரையில் உட்காருங்கள். எல்லாச் சிலையையும் சுற்றிப் பார்க்க வேண்டியதில்லை. ஒரு கை, ஒரே ஒரு கை, அதை ஒரு மணி நேரம் வரையட்டும். சென்னையில் இல்லையா? உங்கள் ஊர்க் கோயில் தூண் போதும், ஒரு யாளி போதும். கூட்டாளிகள் வேண்டுமென்றால் தமிழக அரசின் ஜவகர் சிறுவர் மன்றம் உங்கள் மாவட்டத்தில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். 5 முதல் 16 வயதுப் பிள்ளைகள் அங்கே பாட்டும் பரதமும் ஓவியமும் கற்கிறார்கள். சான்றிதழ் பற்றிக் கவலைப்படும் தாத்தாவுக்கும் பதில் உண்டு. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் பத்தாம் வகுப்பில் ஓவியமும் கர்நாடக இசையும் தேர்ந்தெடுக்கக்கூடிய பாடங்கள்.

சில காலைகள் பாழாகும். பிள்ளைக்குச் சளி பிடிக்கும், குக்கர் விசில் தம்புராவை அமுக்கும், சின்னவன் சிலேட்டை உடைப்பான், நீங்களே எரிந்து விழுவீர்கள். மறுநாள் மறுபடி உட்காருங்கள். நேற்றைய கணக்கைத் தீர்க்க நாற்பது நிமிஷம் கேட்காதீர்கள். அதே இருபது.

நாளைக் காலை பால் பொங்கும் முன் கைபேசியை எடுங்கள். கட்டையைச் சரிபாருங்கள். பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்காரும்போது, தம்புராவின் மேல் உங்கள் குரல், தாய்க்குரல், முதல் ஸட்ஜத்தைப் பிடித்துக்கொண்டிருக்கட்டும். சத்தமாக. மாடிவீட்டுக்காரருக்கும் கேட்கட்டும்.