மொழி தெரிந்தால் மனம் தெரியுமா?

பெங்களூரில் உளவியல் ஆலோசனை பயிலும் தமிழ் மாணவி ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். மேற்பார்வையாளரின் வழிகாட்டுதலில் பணியைத் தொடங்குகிறாள். கன்னடத்தில் பேசுவோரிடம் ஒவ்வொரு சொல்லையும் கேட்டுத் தெளிகிறாள். தன் தாய்மொழியில் ஓர் அன்னை "வயிறு எரிகிறது" என்றதும், கேளாமலே 'மகனை எண்ணிய மனக்குமுறல்' என்று எழுதிவிடுகிறாள்.

"அவரையே கேட்டாயா?" என்கிறார் மேற்பார்வையாளர். அடுத்த சந்திப்பில் கேட்கிறாள். அன்று அந்த அன்னை இரண்டு நாள் பட்டினியாக வந்திருந்தார்!

பிறர் உள்ளத்தை நம்முடையது போல உணர வேண்டும். ஆனால் அந்தப் 'போல'வை மறந்துவிடலாகாது என்று 1957இல் கார்ல் ரோஜர்ஸ் வலியுறுத்தினார். மொழியறிவு வாயிலைத் திறக்கும். அதுவே 'எல்லாம் அறிவேன்' என்னும் அகந்தையாகவும் மாறக்கூடும். அறிந்த மொழியிலும் அறியாதவராய்க் கேட்பதே தொண்டின் தொடக்கம்.