கூட்டிச் சொன்ன வயது

திண்டுக்கல் அருகே எங்கள் தாடிக்கொம்பில் எதற்கு வயது கேட்டாலும் ஆயிரம் வருஷம் என்போம். சவுந்தரராஜப் பெருமாள் கோயிலில் உலகளந்த பெருமாள் காலைத் தூக்கி நிற்கும் தூண் விஜயநகரக் காலத்து வேலைப்பாடு என்று யாராவது எடுத்துச் சொன்னால், கேட்பவர் முகம் வாடிவிடும். சில நூறு வருஷம் அவருக்குப் போதவில்லை.

இந்தப் பசி நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் ஸ்காட்லாந்து வம்சாவளியினர் வருஷத்தில் ஒரு ஞாயிறு, தங்கள் குலத்துக்குரிய கட்டம்போட்ட கம்பளித் துணியை ஆலயத்துக்கு எடுத்துப் போய், பைக்குழல் முழங்க ஆசி பெறுகிறார்கள். 1746-இல் பிரிட்டிஷ் அரசு ஸ்காட்லாந்தின் மலைநாட்டு உடையைத் தடைசெய்தபோது, முன்னோர்கள் அந்தத் துணியில் ஒரு துண்டை ஒளித்துக் கொண்டுபோய், ஆசீர்வாதம் கூறும் நேரத்தில் தொட்டுக்கொண்டார்களாம். இது அந்தச் சடங்கின் தலபுராணம். உண்மையில் அதைத் தொடங்கி வைத்தவர் பீட்டர் மார்ஷல் என்ற போதகர். ஸ்காட்லாந்தில் பிறந்து வாஷிங்டனில் ஊழியம் செய்தவர். காலம், இரண்டாம் உலகப் போர்.

சிரிக்க மனம் வரவில்லை. பிறந்த மண்ணில் குண்டு விழும்போது கடலுக்கு மறுபக்கம் இருப்பவன் எதையாவது பிடித்துக்கொள்ளத்தான் வேண்டும்.

தலபுராணம் விட்டுவிட்ட பகுதி ஒன்று உண்டு. தடை 1782 வரை நீடித்தது. படையில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் அது கிடையாது. 1780-இல் அப்படியொரு மலைநாட்டுப் படை சென்னையில் வந்து இறங்கியது. அதில் ஒரு பகுதி அதே ஆண்டு காஞ்சிபுரம் அருகே புள்ளலூரில், திப்புவும் ஹைதர் அலியும் நடத்திய போரில் அழிந்தது. அந்த ஹைதர் 1755-இல் நம் திண்டுக்கல்லின் ஃபௌஜ்தாராக இருந்து தலையெடுத்தவர். சொந்த ஊரில் உடுத்தினால் குற்றம். நம் மண்ணில் வந்து சாவதற்கென்றால் சீருடை.

இப்போது நம் பக்கத்துக்கு வருவோம். சி.எஸ்.ஐ. திருவிருந்து ஆராதனையின் தொடக்கத்தில் சபை எழுந்து நிற்க, வேதாகமத்தை ஏந்தி வரும் முறை ஒன்று உண்டு. ஸ்காட்லாந்துச் சபைகளில் கோயில்பிள்ளை வேதாகமத்தைச் சுமந்து முன்னே நடக்க, போதகர் பின்னே போவது பழைய வழக்கம். 1947 செப்டம்பர் 27-இல் பல சபைகள் கூடி, சி.எஸ்.ஐ. எனும் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. 1950-இல் அதற்கென வழிபாட்டு முறை வந்தபோது இந்த வழக்கமும் கூடவே வந்தது. திண்டுக்கல்லில் 1835-இல் மிஷன் தொடங்கியவர்கள் அமெரிக்கர்கள். அப்படிப்பட்ட ஊரிலும் இது வீட்டுப் பிள்ளையாகிவிட்டது. பைக்குழல் இல்லை, கட்டம்போட்ட துணியும் இல்லை, வாசலில் நிற்கும் ஆட்டோக்காரரின் லுங்கியைத் தவிர.

ஆராதனையில் பக்கத்தில் நின்ற பெரியவரிடம், இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று மெல்லக் கேட்டேன்.

“எங்கேருந்து வரணும் தம்பி? ஆதியிலேருந்தே நம்ம சபையில இருக்கறதுதான்.”

திருத்த வாயெடுத்தேன். அதற்குள் வேதாகமம் எங்கள் வரிசையைக் கடந்தது. அவர் தலை குனிந்தார். நானும் குனிந்தேன்.