வாயில்லா ஜீவனுக்கும் ஒரு ஹக்கு

 



நான் இமாமத் செய்யும் மஹல்லாவில் ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்துகொண்டு வெளியூர் போயிற்று. சாமான்கள் எல்லாம் வண்டியேறின. வளர்த்த பூனை மட்டும் பூட்டிய வாசலில் நின்றுவிட்டது. அது நிறை சூலியாக இருந்தது. வீடு வீடாகப் போய்க் கத்தியது. “நம்ம பூனையா என்ன?” என்று ஒவ்வொரு வீட்டிலும் கதவைச் சாத்தினார்கள். கடைசியில் பள்ளிவாசலில் ஹவுளுக்குப் பக்கத்தில், பழைய பாய்கள் அடுக்கியிருந்த மூலையில் வந்து படுத்தது.

பிறரைச் சொல்வானேன்? அங்கிருந்து அதை விரட்டியவன் நான்தான். பாயெல்லாம் நஜீஸாகிவிடுமே என்ற எண்ணம்!

அன்று அஸருக்குப் பின் மதரஸாப் பிள்ளைகளுக்கு ஒரு ஹதீஸைப் பாடம் நடத்தினேன். பூனையின் காரணமாக நரகம் புகுந்த பெண்ணைப் பற்றி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வரும் ஹதீஸ் அது. அவள் பூனையை அடைத்து வைத்தாள். தானும் தீனி போடவில்லை. தானே இரை தேடிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடவும் இல்லை. அது பட்டினியால் மடிந்தது.

ஒரு சிறுமி எழுந்தாள். “ஹஜ்ரத், அடைச்சு வச்சாத்தான் குத்தமா? எல்லாரும் விரட்டினா குத்தமில்லையா?” என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

அடைத்து வைத்தவளுக்கும் நமக்கும் சட்டத்தில் வேறுபாடு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சிந்தியுங்கள்! எலியைத் துரத்தித் தாவ முடியாதபடி வயிறு கனத்துவிட்டது. எந்த வாசலிலும் ஒரு கவளம் இல்லை. அப்படிப்பட்ட தெருவில் அந்தப் பூனை அடைபட்டுக் கிடக்கவில்லை என்று எப்படிச் சொல்வது?

நஜீஸ் என்று அஞ்சினேனே, அதையாவது சரியாக எண்ணிப் பார்த்தேனா? அபூகதாதா (ரலி) அவர்களுக்கு மருமகள் கப்ஷா (ரலி) அவர்கள் ஒளுவுக்குத் தண்ணீர் எடுத்து வைத்தார்கள். ஒரு பூனை வந்தது. அது குடிப்பதற்கு வசதியாகப் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள் அபூகதாதா (ரலி). மருமகள் வியந்து பார்க்கவே, பூனை நஜீஸன்று, அது உங்களைச் சுற்றி வரும் பிராணி என்று நபி (ஸல்) அவர்கள் கூறியிருப்பதை எடுத்துரைத்தார்கள். அபூதாவூத், திர்மிதீ போன்ற நூல்களில் இது பதிவாகியுள்ளது. ஷாபிஈ மத்ஹபில் பூனை குடித்த மிச்சம் சுத்தமானது. ஹனபி மத்ஹபில், வேறு தண்ணீர் இருக்கும்போது அதில் ஒளுச் செய்வது மக்ரூஹ் தன்ஸீஹ், அவ்வளவே. பிரசவ இரத்தமும் கழிவுகளும் நஜீஸ்தாம்; கழுவினால் தீர்ந்தது!

இன்னொன்றையும் கேளுங்கள். பயணத்தில் ஒளுவுக்கு மட்டுமே தண்ணீர் இருக்கிறது. உடன்வரும் பிராணியோ தாகத்தால் தவிக்கிறது. தண்ணீரைப் பிராணிக்கு விட்டுவிட்டு, தயம்மும் செய்து தொழ வேண்டும் என்கின்றன பிக்ஹு நூல்கள். ஒளுவின் தண்ணீரையே விட்டுக்கொடுக்கச் சொல்லும் மார்க்கத்தில், ஒளுச் செய்யுமிடத்தின் பெயரால் ஒரு ஜீவனை விரட்டிய என் பேணுதல் என்ன பேணுதல்?

இஷாவுக்குப் பின் டார்ச் விளக்குடன் தேடினேன். தன் பழைய வீட்டுப் படிக்கடியில், சாக்கடையோரம் சுருண்டு கிடந்தது. தூக்கி வந்து, அதே மூலையில் பாய்களை அகற்றிவிட்டு ஒரு அட்டைப்பெட்டியில் பழந்துணி விரித்துப் படுக்க வைத்தேன். மறுநாள் அந்தச் சிறுமி மீன் தலைகளை அவித்துக் கொண்டுவந்தாள். மூன்றாம் நாள் ஸுபுஹு வேளையில் நான்கு குட்டிகள்!

தாய்மார்களே! பூனையின் சூல்காலம் ஏறத்தாழ 63 நாட்கள்தாம். அந்நாட்களில் மறைவான ஓரிடம், உப்பும் காரமும் சேராத மீனோ கறியோ, ஒரு கிண்ணம் தண்ணீர் இவ்வளவுதான் அதன் தேவை. பாலூட்டும்போது இரண்டு மூன்று மடங்கு தீனி கேட்கும். வெகுநேரம் முக்கியும் குட்டி வெளிவராவிட்டால் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

குட்டிகளைச் சாக்கில் கட்டிச் சந்தையோரம் எறியும் வழக்கம் சில இடங்களில் உண்டு. ஒரு பயணத்தில் தோழர்கள் ஒரு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துக்கொண்டபோது, தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்தது. அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், இதன் மனத்தை நோகடித்தவர் யார் என்று கேட்டு, குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கச் செய்தார்கள். ஆகவே எட்டு வாரமாவது குட்டிகளைத் தாயோடு விட்டுவையுங்கள். வீடு மாறுவோர், வளர்த்த ஜீவனைப் பொறுப்பான ஒருவரிடம் ஒப்படைக்காமல் வண்டியேறாதீர்கள்.

நம் வாசலில் வந்து கத்தும் ஜீவனுக்கு நம்மைப்பற்றிப் பிறரிடம் சொல்ல வாயில்லை. ஆனால் அதைப் படைத்தவன் கேட்டுக்கொண்டிருக்கிறான். அவன் நம் உள்ளங்களில் இரக்கத்தை ஊற்றி, நம் பிழைகளை மன்னித்தருள்வானாக! ஆமீன்.