வினை எங்கே போய்ச் சேருகிறது?

வினை சடம் என்கிறது சைவ சித்தாந்தம். அதற்கு அறிவு கிடையாது. செய்தவன் யார், இப்போது எங்கே இருக்கிறான் என்று அதற்குத் தெரியாது. தானாகப் போய் அவனைப் பற்றிக்கொள்ளவும் முடியாது. பயனை உரியவனிடம் கொண்டுபோய்ச் சேர்க்க அறிவுள்ள ஒருவன் வேண்டும், அவனே இறைவன் என்பது ஆசாரியர்கள் வைக்கும் வாதம். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு சனிக்கிழமை மாலை வகுப்பில் இதைக் கேட்ட மாத்திரத்தில் எனக்கு நினைவுக்கு வந்தது எங்கள் ஆலையின் புகைபோக்கி.

வாயுவும் சடம்தான். தன்னைத் திறந்துவிட்டவன் வீடு எது என்று அதற்குத் தெரியாது. காற்று தள்ளும் பக்கம் போகும். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டை வளாகம் சிதம்பரம் சாலைக்கும் உப்பனாற்றுக்கும் நடுவே கிடக்கிறது. குடிகாடு, ஈச்சங்காடு, சொன்னஞ்சாவடி என்று ஊர்கள் அதைச் சுற்றி ஒட்டினாற்போல் இருக்கின்றன. நான் வேலை பார்த்த ஆலையின் முதலாளி அந்த ஊர்களில் ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை. மேலாளர்கள் புதுச்சேரியிலிருந்து காரில் வந்து போனார்கள். இரவில் தரை குளிர்ந்து, தரையை ஒட்டிய காற்று மேலே எழாமல் படுத்துவிடும் நேரத்தில் வாடை யார் வீட்டுக்குள் நுழையும் என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. செய்தவன் ஒருவன், அனுபவிப்பவன் வேறொருவன்.

அந்த ஆலையின் ஈ.டி.பி. லேபில் எனக்கு வேலை. கழிவுநீர் சுத்திகரிப்பும், வாயுவைக் கழுவும் ஸ்க்ரப்பரின் கணக்கும் என் பொறுப்பு. நைட் ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது பக்கத்து ஊர் அம்மா ஒருவர் பேசுவார். "தம்பி, ராத்திரியானா மூச்சு முட்டுது. பேரப்புள்ள இருமி இருமி தூங்கவே மாட்டேங்குது. எந்த ஜென்மத்துல என்ன பாவம் பண்ணினோமோ" என்பார். ஆலையைத் திட்டி ஒரு சொல் சொன்னதில்லை. அவர் திட்டியிருந்தால் எனக்குத் தாங்க முடிந்திருக்கும். ஆலையின் கணக்கை அவர் தன் தலையில் எழுதிக்கொண்டது தாங்கவில்லை.

வகுப்பில் ஐயாவிடம் கேட்டேன். அந்தக் குழந்தையின் இருமல் அதன் பழவினைதானா? ஐயா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அந்தக் குழந்தைக்கு வந்தது ஊழா இல்லையான்னு அளக்க உங்ககிட்ட கருவி இல்ல. ஆலையிலேர்ந்து என்ன போச்சுன்னு அளக்கக் கருவி இருக்குல்ல? இருக்கிற கருவியை முதல்ல பாருங்க."

எனக்குத் தெரிந்து இந்தக் கேள்விக்கு இதைவிட நேரான பதில் இல்லை. சித்தாந்தத்தில் வினை மூன்று. சேர்ந்து கிடக்கும் பழவினை சஞ்சிதம். அதில் இந்தப் பிறப்பில் அனுபவிக்க வந்தது பிராரத்தம். அனுபவிக்கும்போதே புதிதாக ஏறிக்கொள்வது ஆகாமியம். குழந்தையின் துன்பத்தைப் பிராரத்தம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கொடுத்த கைக்கு ஏறும் ஆகாமியம் அதனால் ஒரு துளியும் குறையாது. "அவரவர் வினை" என்று சொல்கிறவர்கள் பாதிக் கணக்கை மட்டும் வாசிக்கிறார்கள். அதுவும் தங்களுக்குத் தெரியவே வழியில்லாத பாதியை. தெரிந்த பாதி ஆலையின் ரிஜிஸ்டரில் இருக்கிறது.

அந்த ரிஜிஸ்டரை எப்படி வாசிப்பது என்று சொல்கிறேன். பல மருந்து மூலப்பொருள்களைத் தயாரிக்கும் வழியில் தையோனில் குளோரைடு என்ற திரவம் வரும். ஓர் அமிலத்தோடு அது முழுமையாக வினைபுரிந்தால், 119 கிலோ தையோனில் குளோரைடுக்கு 64 கிலோ கந்தக டை ஆக்சைடும் 36.5 கிலோ ஹைட்ரஜன் குளோரைடும் வாயுவாக வந்தே தீரும். எந்த மேலாளரும் இதைக் குறைக்க முடியாது. இரண்டும் நேராக ஸ்க்ரப்பருக்குப் போக வேண்டும். அங்கே காஸ்டிக் சோடாக் கரைசல் மேலிருந்து பொழியும். வாயு கீழிருந்து ஏறிவரும். இரண்டும் கலந்து உப்பாகிவிடும். அந்த வாயு முழுவதையும் உப்பாக்க 120 கிலோ காஸ்டிக் வேண்டும். ஸ்டோர்ஸ் ரிஜிஸ்டரில் அந்த பேட்சுக்கு 40 கிலோ காஸ்டிக்தான் எடுத்ததாக இருந்தால்? ஹைட்ரஜன் குளோரைடுக்கே அது சரியாகப் போய்விடும். கந்தக வாயு எங்கே போனது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. புகைபோக்கியில் மீட்டர் இல்லாத காலத்திலும் ஸ்டோர்ஸ் ரிஜிஸ்டர் உண்மையைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. உள்ளே போன எடையும் வெளியே வந்த எடையும் ஈடாக வேண்டும். ஈடாகவில்லை என்றால், துண்டு விழுந்த கிலோக்கள் யாரோ ஒருவர் மூச்சில் இருக்கின்றன.

இல்லாதது தோன்றாது, இருப்பது இல்லாமல் போகாது. இதைச் சற்காரியவாதம் என்பார்கள். உலகம் மாயை என்ற மூலப்பொருளிலிருந்து தோன்றி அந்த மாயையில் ஒடுங்குகிறது, சூனியத்திலிருந்து வரவும் இல்லை, சூனியமாகப் போவதும் இல்லை என்று சித்தாந்தம் நிறுவுவது இதை வைத்துத்தான். சித்தாந்த ஆசாரியர் மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் பிறந்த பெண்ணாகடம் இதே கடலூர் மாவட்டத்தில் இருக்கிறது. எடை அழியாது என்று லவாய்சியே பாரிசில் தன் வேதியியல் நூலில் எழுதியது 1789இல். இரண்டையும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் சற்காரியவாதத்தை மனதார நம்புகிற ஒருவன் "வெளியேற்றிவிட்டோம்", "அழித்துவிட்டோம்" என்ற வார்த்தைகளை ஒருபோதும் நிம்மதியாக எழுத முடியாது. எங்கே வெளியேற்றினாய், என்னவாக மாற்றினாய் என்று அவன் மேலும் கேட்க வேண்டும்.

போபாலைப் பாருங்கள். 1984 டிசம்பர் 2 இரவு மீத்தைல் ஐசோசயனேட் கசிந்த அந்த ஆலையில் மிஞ்சிக் கிடந்த கழிவில் 337 டன்னை நாற்பது ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரியில், பீதம்பூருக்கு லாரிகளில் கொண்டுபோனார்கள். அந்த ஆண்டின் நடுவில் எரித்து முடித்தார்கள். எரிக்கும்போது சுண்ணாம்பு முதலியவை சேர்த்ததால், சாம்பலும் மிச்சமும் எரித்த கழிவைவிட இரண்டு மடங்குக்கும் மேல் எடை வந்தன. அவற்றை எங்கே புதைப்பது என்பது அடுத்த வழக்கு. திருப்பூரிலும் இதே கதைதான். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகு, ஒரு சொட்டுக் கழிவுநீரையும் வெளியே விடாத முறைக்கு அவை மாறின. நொய்யல் ஆற்றுக்கு அது பெரிய நன்மை. ஆனால் நீரை ஆவியாக்கினால் உப்பு மிஞ்சும். எதற்கும் பயன்படாத அந்தக் கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகச் சேர்ந்தது. ஆலை வளாகத்துக்குள்ளேயே தேக்கிவைத்தாலும் தீர்ந்ததாகாது. 2025 மே மாதம் கடலூர் சிப்காட்டில் ஓர் ஆலையின் கழிவுநீர்த் தொட்டி உடைந்து, உள்ளே இருந்ததெல்லாம் குடிகாட்டு வீடுகளுக்குள் புகுந்தது.

ஆகவே குறைப்பது என்றால் தொடக்கத்திலேயே குறைக்க வேண்டும். கரைப்பானை வடித்தெடுத்துத் திரும்பப் பயன்படுத்துவது, வாயு கக்காத வேறு வினைவழியைத் தேடுவது, ஃபிளேஞ்ச் கசிவைக் கண்டவுடன் இறுக்குவது. இதெல்லாம் பொறியாளர்களுக்குத் தெரிந்த வேலை. பணம் ஒதுக்கினால் நடக்கும். ஒதுக்க வைப்பது எது என்பதுதான் கேள்வி.

ஒதுக்க விடாமல் தடுப்பது எது என்று முதலில் பார்ப்போம். உமாபதி சிவம் முதலான சித்தாந்த ஆசாரியர்கள், உயிரின் அறிவை மறைக்கும் ஆணவ மலத்துக்கு ஓர் இலக்கணம் சொல்வார்கள். இருட்டு பொருள்களை மறைக்கும். ஆனால் இருட்டாக இருக்கிறது என்பதையாவது நமக்குக் காட்டும். ஆணவம் பொருளையும் மறைக்கும், தான் இருப்பதையும் மறைக்கும். இதைப் படித்தபோது ஹைட்ரஜன் சல்பைடு என் நினைவுக்கு வந்தது. அழுகிய முட்டை வாடை அடிக்குமே, அந்த வாயு. மிகமிகக் குறைந்த அளவிலேயே மூக்குக்குத் தெரியும். காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு என்ற அளவை நெருங்கினால் மூக்கு மரத்துப்போகும். வாடை நின்றுவிட்டது, வாயு போய்விட்டது என்று ஆள் நினைப்பான். உண்மையில் அப்போதுதான் உயிருக்கு ஆபத்து நெருங்கியிருக்கும். எங்கள் ஆலையில் சல்பைடு டேங்க் பக்கம் போகிறவர் சட்டையில் சின்ன டிடெக்டர் மாட்டாமல் போகக்கூடாது என்று விதி. பழைய ஆபரேட்டர்கள், "எனக்கு மூக்கு பழகிடுச்சு சார், இது எதுக்கு" என்பார்கள். மூக்கு பழகிவிட்டதுதான் அதை மாட்டுவதற்குக் காரணம் என்று ஒவ்வொருவருக்கும் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருந்தது. ஆலையை நடத்துகிறவர்களுக்கும் அப்படித்தான். தங்கள் புகை தங்களுக்குத் தெரியாது. லாபக் கணக்கில் அது வராது. எனவே வெளியிலிருந்து ஓர் அளவு வேண்டும். அந்த அளவு நாலு பேர் பார்க்கும்படி இருக்க வேண்டும்.

நாலு பேர் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று உண்டு. போபாலுக்குப் பிறகு 1986இல் அமெரிக்கா ஒரு சட்டம் கொண்டுவந்தது. எந்த நச்சுப்பொருளை எத்தனை பவுண்டு வெளியேற்றினோம் என்று ஆலைகள் ஆண்டுதோறும் சொல்ல வேண்டும். அது பொதுமக்களுக்குத் திறந்த கணக்கு. குறைத்தே ஆக வேண்டும் என்று அந்தக் கணக்கு விதி கட்டளையிடவில்லை, சொல்ல மட்டும் சொன்னது. முதல் கணக்கு கொடுக்கும் வேளையில், 1988இல், மான்சான்டோ நிறுவனத்தின் தலைவர் ரிச்சர்ட் மகோனி காற்றில் விடும் நச்சை 1992க்குள் 90 சதவீதம் குறைப்போம் என்று தானாக அறிவித்தார். நச்சை வெளியேற்றிய அந்த ஆலைகளின் குழாய்கள் அதற்கு முன்னும் அங்கேதான் இருந்தன. கணக்கு வெளிச்சத்துக்கு வந்தது மட்டுமே புதிது.

கடலூரில் கணக்கை வெளிச்சத்துக்குக் கொண்டுவரும் வேலையை ஊர்க்காரர்களே தொடங்கினார்கள். 2004இல் சிப்காட்டைச் சுற்றியுள்ள கிராமத்து மக்கள் பிளாஸ்டிக் பக்கெட்டுக்குள் ஒரு பையைப் பொருத்தி, வாடை அடிக்கும் நேரத்தில் காற்றைப் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். எந்த நேரம், என்ன வாடை, காற்று எந்தப் பக்கமிருந்து என்று நோட்டில் குறித்தார்கள். புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களும் அந்தக் காற்றில் இருந்தன. தங்கள் மேல் வந்து விழுந்த பயனை எடுத்துப்போய், உரிய வாசலில் வைத்தார்கள். சிவபூசை செய்கிறவன் என்ற முறையிலேயே சொல்கிறேன், இறைவன் செய்கிற வேலையில் ஒரு பங்கை அவர்கள் எடுத்துச் செய்தார்கள்.

2014இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 17 வகைப் பெரும் மாசு ஆலைகள் புகைபோக்கியிலும் கழிவுநீர்க் குழாயிலும் தொடர்ந்து அளக்கும் கருவி வைத்து, எண்களை நேரடியாக வாரியத்துக்கு அனுப்ப வேண்டும் என்று உத்தரவிட்டது. நல்ல உத்தரவு. ஆனால் கருவியும் சடம். காலிபரேஷன் தவறினால் அது தவறாகவே சொல்லிக்கொண்டிருக்கும். நாள் முழுக்க மேடு பள்ளமே இல்லாத நேர்கோடாக ஓர் எண் வந்தால், ஆலை ஒழுங்காக ஓடுகிறது என்று நான் நம்ப மாட்டேன். உயிருள்ள ஆலையின் கோடு ஏறும், இறங்கும். அதனால்தான் மீட்டரோடு காஸ்டிக் ரிஜிஸ்டரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

பாவம் யாருக்கு என்பதில் சமணர்கள் எங்களைவிடக் கறாரானவர்கள். செய்தல், செய்வித்தல், செய்தவனுக்கு உடன்படுதல் என்று மூன்றையும் அவர்கள் வினையாகவே எண்ணுவார்கள். அப்பர் பெருமான் தருமசேனராகச் சமணப் பள்ளியில் இருந்ததும் இந்தத் திருப்பாதிரிப்புலியூரில்தான் என்பது மரபு. இந்த மண்ணில் இது பேசப்பட்ட தத்துவம். ராத்திரி வால்வைத் திறக்கிற கான்ட்ராக்ட் பையன் செய்கிறான். "பேட்ச் காலையில முடியணும், ஸ்க்ரப்பர் பம்பைப் பத்தி அப்புறம் பார்க்கலாம்" என்று போனில் சொல்கிறவர் செய்விக்கிறார். வழக்கு வந்தால் மாட்டுவது பையன். மலிவாகக் கிடைத்தால் போதும் என்று அந்த மாத்திரையையும் சாயத்தையும் வாங்கும் நாம் மூன்றாம் வரிசையில் நிற்கிறோம். மூன்று வரிசைக்கும் ஒரே அளவு பாவம் என்று சொல்ல மாட்டேன். செய்விப்பவருக்கே அதிகம் என்பது என் தீர்ப்பு. பம்பை மாற்றும் அதிகாரம் அவர் கையில் இருந்தது.

சித்தாந்த வகுப்பு எடுக்கும் ஐயாமார்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆலைப் பக்கத்து ஊர்க்காரர் யாராவது என்ன பாவம் செய்தோமோ என்று உங்களிடம் அழுதால், ஊழைப் பற்றிப் பேசாதீர்கள். ஆகாமியத்தைப் பற்றிப் பேசுங்கள். அது யாருக்கு ஏறுகிறது என்று சொல்லுங்கள்.

மற்ற எல்லோருக்கும் இன்னொன்று. 2003இல் அபாயக் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவுப்படி, இப்படிப்பட்ட ஆலைகள் வாசலில் ஒரு பலகை வைக்க வேண்டும். உள்ளே என்ன நச்சு இருக்கிறது, காற்றிலும் நீரிலும் என்ன போகிறது, எவ்வளவு கழிவு தேங்கியிருக்கிறது என்று அதில் எழுதியிருக்க வேண்டும். சிதம்பரம் சாலையில் போகும்போது வண்டியை நிறுத்தி அதைப் படியுங்கள். எந்தத் தேதிக் கணக்கு என்று பாருங்கள். பழைய தேதியாக இருந்தால் உள்ளே போய்ப் புதுக் கணக்கைக் கேளுங்கள். கொடுக்கவில்லை என்றால் கடலூர் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள்.